வேர் போகும் தூரம்

அத்தியாயம் 19

பெரிய டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்த நாளிலிருந்து ரத்தினபாய் வீட்டில் ஒரு குறை வைக்கவில்லை. பள்ளிக்கூடத்து நோட்டுகளையெல்லாம் திருத்தி முடித்தாள். பரணில் கிடந்த பழைய பாத்திரங்களைத் தேய்த்துக் கவிழ்த்தாள். தனசிங்கின் சட்டைகளில் அறுந்திருந்த பொத்தான்களைக்கூட உட்கார்ந்து தைத்தாள். ஒரு மனுஷி திடீரென்று இவ்வளவு ஒழுங்காகிவிட்டால் புருஷன் சந்தேகப்பட வேண்டாமா? தனசிங் சந்தேகப்படவில்லை. அவருக்கு அந்தச் சாமர்த்தியமெல்லாம் கிடையாது.

விஷயம் தெரிந்தது மூத்த மகள் ஞானஜோதிக்கு மட்டும். ஆபீசுக்கு லீவு போட்டு அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவள் அவள்தான். மார்பில் வந்த கட்டி மார்போடு நிற்கவில்லை, ஈரல்வரை போய்விட்டது. ஆறு மாதம், மிஞ்சினால் எட்டு என்று டாக்டர் சொன்னதை இருவரும் சேர்ந்தே கேட்டார்கள். கல்லறைத் திருநாள் முடிகிறவரை அப்பாவிடம் மூச்சு விடக் கூடாது என்று ரத்தினபாய் மகளிடம் சத்தியம் வாங்கியதைப் போன வாரம் பார்த்தோம்.

கல்லறைத் திருநாள் வருகிற செவ்வாய்க்கிழமை. இன்று சனிக்கிழமை.

காலையில் சாப்பாட்டு மேஜையில் இரண்டு காகிதங்கள் கிடந்தன.

ஒன்று, சபையின் கல்லறைத் தோட்டக் கமிட்டி அனுப்பிய படிவம். சேலையூர்ப் பக்கம் வீடுகள் பெருகிய வேகத்தில் சாவும் பெருகிவிட்டதால் தோட்டத்தில் இடம் போதவில்லை. அதனால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. பதினான்கு வருஷம் ஆன கல்லறையைத் திறந்து, மிஞ்சியதைத் துணியில் முடிந்து ஓரமாக வைத்துவிட்டு, அதே குடும்பத்தில் அடுத்து இறந்தவரை அங்கேயே அடக்கம் செய்யலாம். இந்தத் தொண்ணூற்று மூன்றாம் வருஷம் கமிட்டி எழுதியே கேட்டிருந்தது. உங்கள் கல்லறை குடும்பத்துக்காகத் திறப்பதாக இருக்கட்டுமா, அல்லது நிரந்தரமாக மூடிவிடலாமா? திறப்பதாக இருந்தால் மேலே புல்லோ பூச்செடியோ மட்டும் வைக்கலாம். மூடிவிட்டால் மரம் நடலாம். அந்தக் குடும்பத்துக்குப் பின்சுவர் ஓரத்தில் புது இடம் கிடைக்கும். தகப்பன், தாய் இருவரும் கையெழுத்திட்டு இன்று மாலை நான்கு மணிக்குள் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று, தனசிங்கின் கிராஃப் காகிதம்.

தனசிங் ரயில்வே ஆபீசில் டிராஃப்ட்ஸ்மேன். முப்பது வருஷமாகப் பாலங்களுக்கும் ஷெட்டுகளுக்கும் படம் வரைகிறவர். வாசலில் ஒரு கத்தரிச் செடி வைப்பதானாலும் கோடு போட்டுப் பார்க்காமல் வைக்க மாட்டார். காகிதத்தை நடுவே பிரித்து ஒரு பக்கம் 'புல்', மறுபக்கம் 'மரம்' என்று எழுதியிருந்தார். மரம் என்றால் அரக்கேரியா. அடுக்கடுக்காகக் கிளை விட்டுக் கூம்பாக மேலே போகிற ஊசியிலை மரம். நர்சரிக்காரர்கள் அதைக் கிறிஸ்மஸ் ட்ரீ என்று சொல்லித்தான் விற்பார்கள்.

உயரம்: புல் மூன்றடி, மரம் அறுபதடி. ஆயுள்: புல் நாலைந்து வருஷம், மரம் நூறுக்கு மேல். தண்ணீர்: முதல் வருஷம் இரண்டுக்கும் வேண்டும். பராமரிப்பு: புல்லை வருஷத்துக்கு ஒருமுறை அறுத்துவிட வேண்டும், மரத்துக்கு ஒன்றும் வேண்டாம். கடைசியில் 'மரம்' என்று எழுதி அடியில் சிவப்பு மையால் இரண்டு கோடு இழுத்திருந்தார்.

இவ்வளவும் சுகிர்தாவின் கல்லறைக்காக. அவள் இரண்டாவது மகள். எழுபத்தொன்பது அக்டோபரில், ஆறு வயதில், மூளைக்காய்ச்சல் வந்து மூன்றே நாளில் போய்விட்டவள்.

"வேரைப் பத்தி ஒண்ணும் எழுதலையே" என்றாள் ரத்தினபாய்.

"வேர் மண்ணுக்குள்ள இருக்கறது. அதை யார் பார்க்கப் போறா?"

புல்லே வைக்கலாமே என்று அவள் மெதுவாகச் சொன்னாள். தனசிங் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளையே பார்த்தார். பெற்ற பிள்ளைக்குப் புல்லா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை. அதற்குப் பதிலாக அவளுக்கு நன்றாகத் தெரிந்த கதையை மறுபடியும் சொன்னார். வருஷா வருஷம் மண் நிரப்பிய வாளியில் சவுக்குக் கிளையை நட்டு அதைத்தான் கிறிஸ்மஸ் மரம் என்று அந்த வீட்டில் ஜோடிப்பார்கள். கடைசி வருஷம் சுகிர்தா, இது சவுக்கு, எனக்கு நிஜ மரம் வேணும் என்று அடம்பிடித்தாள். அடுத்த டிசம்பரில் வாங்கித் தருவதாக அவர் வாக்குக் கொடுத்தார். அந்த டிசம்பர் வந்தபோது வாங்கிக்கொள்ள அவள் இல்லை.

ரத்தினபாயிடமும் ஒரு வாக்கு இருந்தது. அதை இதுவரை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் பிற்பகல், சுகிர்தா அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள். ஃபிளாஸ்கில் வெந்நீர் தீர்ந்துவிட்டது. ரத்தினபாய் அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, "அம்மா இதோ வந்துடறேன்" என்று சொல்லிக் கீழே கேன்டீனுக்குப் போனாள். அங்கே வரிசை நின்றது. திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள்.

அதிலிருந்து அவள் வருஷங்களை எண்ணிக்கொண்டுதான் இருந்தாள். பெரிய டாக்டர் ஆறு மாதம் என்றபோது அவளுக்கு முதலில் பயம் வரவில்லை, அழுகை வரவில்லை. பதினான்கு முடிந்துவிட்டது, இனிமேல் திறக்கலாம் என்பதுதான் மனதில் வந்த முதல் நினைப்பு. பிள்ளையிடம் போய்ப் படுத்துக்கொள்ளலாம். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இந்த நாட்களை நகர்த்தினாள்.

மரம் வைத்துவிட்டால் அதுவும் இல்லை.

*

பத்து மணிக்கு இருவரும் ஸ்கூட்டரில் மேடவாக்கம் ரோட்டிலிருந்த பொன்னுரங்கத்தின் நர்சரிக்குப் போனார்கள். பொன்னுரங்கம் ஒரு காலத்தில் அதே இடத்தில் நெல் போட்டவர். நிலத்தை மனைகளாக்கி விற்று, மிச்சமிருந்த கால் காணியில் செடி விற்கிறார். மழைக்கு மேகம் கூடியிருந்தது. பள்ளிக்கரணைப் பக்கமிருந்து அடித்த காற்றில் தொட்டிகளில் இருந்த எல்லாமே ஆடின.

அரக்கேரியா என்றதும் பொன்னுரங்கம் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

"சார், அது குளுருல வளர்ற ஜாதி. இந்த வெயிலுக்கு மெதுவாத்தான் வரும். ஒரு வருசம் நீ பாத்துக்கினா போதும். புட்ச்சிக்கிச்சின்னா அவ்ளோதான், உன் பேரன் காலத்துக்கும் நின்னுக்கினு இருக்கும்."

தனசிங்குக்கு அதுபோதும். நேராக வளர்ந்த கன்றாகப் பார்த்து எடுக்க, டேப்பும் கையுமாகத் தொட்டி வரிசைக்குள் நுழைந்துவிட்டார். தோல் உறை போட்ட நூறடி டேப். ஆபீசை விட்டால் வீடு, வீட்டை விட்டால் ஆபீஸ் என்று அவர் போகிற இடத்துக்கெல்லாம் கூடவே போகும்.

ரத்தினபாய் அந்தச் சமயம் பார்த்துப் பொன்னுரங்கத்திடம், மரத்தின் வேர் எவ்வளவு ஆழம் போகும் என்று கேட்டாள்.

"அத்த ஏம்மா கேக்கற. மொதல்ல நேரா கீழ எறங்கும். அஞ்சாறு வருசம் போச்சுன்னா சுத்தி அல்லா பக்கமும் பூந்துக்கினு போவும். அப்பால அந்த எடத்துல கடப்பாறை போட்டாக்கூட எறங்காது."

"புல்லு?"

அவர் கைகாட்டிய இடத்தில் அணில்வால் புல் நின்றது. மெல்லிய தாள்கள் நாலு பக்கமும் வளைந்து விழுந்திருந்தன. நடுவிலிருந்து வெளிர்ச் சிவப்பில் பஞ்சுக் கதிர்கள் எழும்பி, அணிலின் வாலைப் போலவே ஆடிக்கொண்டிருந்தன.

"இது இன்னா, ஒரு சாண் வேரு. எடம் வேணும்னா மண்ணோட பேத்து எடுத்து ஓரமா வெச்சிட்டு, வேலைய முட்ச்சிக்கினு திரும்ப வெச்சிக்கலாம். ஒரு மழை பேஞ்சா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஆய்டும். எங்கம்மா வெக்கப் போறீங்க?"

"எங்க சின்னப் பொண்ணைப் படுக்க வெச்ச இடத்துல."

பொன்னுரங்கம் தலைத்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். வரிசையின் கடைசியிலிருந்து நன்றாகக் கிளைத்த புதர் ஒன்றைத் தேடி எடுத்து, மண் உதிராமல் சாக்கில் கட்டிக் கொடுத்தார்.

தனசிங் இரண்டடி உயரக் கன்றைப் பிள்ளையைத் தூக்குவதுபோல இரண்டு கையிலும் ஏந்தி வந்தார். புல்லைப் பார்த்ததும், சரி, அதையும் ஓரமாக வைத்துக்கொள்ளலாம் என்று பெரிய மனது பண்ணினார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை ரத்தினபாய் பல வருஷமாகப் பார்த்ததில்லை. அதுதான் அவளை உள்ளே போட்டு அறுத்தது.

*

மதியம் சாப்பாடு முடிந்து தனசிங் கடப்பாறையைத் தேட மாடிக்குப் போனபோது ஞானஜோதி அம்மாவைச் சமையலறையில் மடக்கினாள். காரணத்தைச் சொல்லாமல் புல்லை மட்டும் வை என்றால் அப்பா எப்படி ஒப்புக்கொள்வார் என்று கேட்டாள். இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்குக் கேட்கத் தெரியாதா என்ன, சரியாகத்தான் கேட்டாள்.

ரத்தினபாய் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள். சுகிர்தா போன பிறகு மூன்று மாதம் தனசிங் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. காலையில் டிபன் டப்பாவோடு கிளம்புவார். தாம்பரம் ஸ்டேஷனில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, வருகிற வண்டியெல்லாம் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். தண்டவாளத்தின் விளிம்புவரை நடந்துபோய் நின்றவரை ஒருநாள் போர்ட்டர் ஒருவர் இழுத்துப்பிடித்து வீட்டில் கொண்டுவந்து விட்டார். இப்போது அவர் ஒரு மரத்துக்காகச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பின் மேல் இதைக் கொண்டுபோய் எப்படிப் போடுவது?

"நாலு மணிக்குள்ள சொல்லிடுங்கம்மா" என்றாள் ஞானஜோதி. "இல்லன்னா ரிப்போர்ட்டை எடுத்துக்கிட்டு நானே அங்க வந்துடுவேன். சத்தியத்தை மீறின பாவம் எனக்கே இருக்கட்டும்."

*

கல்லறைத் தோட்டம் திருநாள் பரபரப்பில் இருந்தது. குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து புல் பிடுங்கினார்கள், சிலுவைகளுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். நுழைவாயிலில் வேப்பமரத்தடியில் காவலாளி சின்னப்பன் மேஜை போட்டுப் படிவங்களை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தார்.

சுகிர்தாவின் இடம் ஏழடிக்கு மூன்றடி. தனசிங் தலைமாட்டில் அளந்து குறி போட்டுவிட்டுக் கடப்பாறையை இறக்கினார். ரத்தினபாய் சாக்கில் கட்டிய புல்லை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குழி ஒரு சாண் இறங்கியதும் அவளுக்குத் தாங்கவில்லை.

"மரம் வேண்டாங்க. மூட வேண்டாம். நமக்கு ஏதாவது ஆனா இவகூடப் படுத்துக்கலாம் இல்ல?"

தனசிங் நிமிர்ந்தார். கடப்பாறையைக் கீழே போட்டார். அப்புறம் பக்கத்தில் வந்து மண்ணிலேயே உட்கார்ந்துகொண்டார்.

போன ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் சபையின் ஞானையா வாத்தியார் இறந்தபோது, முன்பு அடக்கம் செய்திருந்த அவர் பேத்தியின் கல்லறையைத் திறந்தார்களாம். அப்போது தனசிங் பக்கத்தில் நின்றிருக்கிறார். இதை அவர் வீட்டில் சொல்லவே இல்லை.

"எல்லாம் மண்ணாயிருந்தது ரத்தினம். ஆனா பிளாஸ்டிக் வளையல் ரெண்டு அப்படியே இருந்தது. சிவப்புக் கலர்கூட மங்கல. அதை வெயில்ல சாக்கு மேல வெச்சாங்க. எல்லாரும் பார்த்தாங்க."

கன்றை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"நாம சுகிர்தாவுக்குப் புது ஷூ போட்டுத்தானே அனுப்பினோம். அந்தக் கிறிஸ்மஸுக்குன்னு முன்னாடியே வாங்கி வெச்ச கறுப்பு ஷூ. அது அப்படியே இருக்கும். அதை யாரும் வெளிய எடுத்து வெயில்ல வைக்கக் கூடாது. அந்த மரம் அவளைப் பிடிச்சுக்கட்டும். அப்புறம் யாரும் தொட முடியாது. நான் செத்தாலும் தொட முடியாது."

அந்த நொடியில் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. எனக்கு ஆறு மாதந்தான் இருக்கிறது, எனக்காகத் திறங்கள் என்று சொன்னால் அவர் திறப்பார். திறந்துவிட்டு, அந்த ஷூவைப் பார்த்துவிட்டு, மறுபடியும் அந்தக் கடைசி பெஞ்சுக்குப் போய்விடுவார். இந்தத் தடவை இழுத்துப்பிடிக்க யார் இருப்பார்கள்?

ரத்தினபாய் பேனாவைக் கேட்டு வாங்கினாள். படிவத்தில் 'நிரந்தரமாக மூடலாம்' என்ற இடத்தில் அவர் பெயருக்குக் கீழே, பள்ளிக்கூட நோட்டில் போடுவதுபோல நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். பதினான்கு வருஷம் எண்ணிச் சேர்த்ததை அரை நிமிஷத்தில் கொடுத்துவிட்டாள். சின்னப்பனிடம் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தவளும் அவள்தான். மணி மூன்றரை.

அவள் திரும்பி வந்தபோது கன்று நட்டு முடிந்திருந்தது. தனசிங் சுற்றிலும் மண்ணைக் காலால் மிதித்து இறுக்கிவிட்டு, குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்.

"புது இடம் எதுன்னு காட்டுங்க" என்றாள்.

பின்சுவர் ஓரத்தில் வரிசையாக முளைக்குச்சிகள் அடித்திருந்தார்கள். அவர்களுக்கு வந்தது முப்பத்தொன்று. சரளை மண், நிழலே இல்லை. தனசிங் அதை ஒரு மனை பார்க்க வந்தவரைப் போலச் சுற்றிவந்தார். கிழக்குப் பார்த்த இடம், நல்ல இடம், இன்னும் இருபது இருபத்தைந்து வருஷம் கழித்து இரண்டு பேரும் வந்து பக்கத்துப் பக்கத்தில் ஜாம் ஜாம் என்று படுத்துக்கொள்ளலாம் என்றார்.

"இங்கேருந்து சுகிர்தா எவ்வளவு தூரம்?"

அளப்பது என்றால் அவருக்குக் கசக்குமா? டேப்பின் நுனியை அவள் கையில் கொடுத்துவிட்டு, சமாதிகளுக்கு நடுவே வளையாமல் இழுத்துக்கொண்டு போனார். கன்றின் அடியில் குனிந்து பார்த்து, அங்கிருந்தே சொன்னார்.

"தொண்ணூத்திநாலு அடி."

அவர் டேப்பைச் சுற்றிக்கொண்டே திரும்பி வருகிறவரை அவள் நுனியை விடவில்லை.

"மரத்தோட வேர் இவ்வளவு தூரம் வருமாங்க?"

"வராம என்ன. ஒரு நாப்பது, அம்பது வருஷம் ஆகும்" என்று சிரித்தார். "என் பட்டியல்ல அதையும் சேர்த்துடறேன்."

ரத்தினபாய் தலையை ஆட்டினாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, முப்பத்தொன்றாம் நம்பர் முளைக்குச்சிக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள். கையாலேயே சரளையைத் தோண்டினாள். வலது கை சரியாக வரவில்லை, அக்குளில் வலித்தது. இடது கையால் தோண்டினாள். சாக்கைப் பிரித்துப் புல்லை உள்ளே வைத்து மண்ணைத் தள்ளினாள்.

தனசிங் அவள் செய்வதை வேடிக்கைபோலப் பார்த்துக்கொண்டு நின்றார். காலி இடத்தில் இப்போதே எதற்கு என்று கேட்டார்.

"இருக்கட்டும். தோண்டும்போது மண்ணோட பேத்து ஓரமா வைக்கச் சொல்லுங்க. வேலை முடிஞ்சதும் திரும்ப வெச்சுடலாமாம். நர்சரிக்காரர் சொன்னார்."

"அது சரி, எப்பத் தோண்டும்போது?"

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. மண்ணைத் தட்டித் தட்டிச் சமன்படுத்தினாள்.

"ஏப்ரல், மே ஆயிடும். அப்ப மழை இருக்காது. நீங்கதான் மறக்காம தண்ணி ஊத்தணும்."

டேப்பைத் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. எப்போது பார்த்தாலும் எதையாவது அளந்துகொண்டிருக்கிற அந்த மனுஷர், மண்ணில் மண்டியிட்டிருந்த தம் மனைவியை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தார். தொளதொளத்த ரவிக்கையை, தூக்க முடியாமல் மடியில் கிடந்த வலது கையை, கழுத்தெலும்பை, எல்லாவற்றையும் பார்த்தார்.

"ரத்தினம்" என்றார்.

அவருக்குப் பின்னால், சுண்ணாம்பு வாளிகளுக்கு நடுவே, ஆஸ்பத்திரியின் பழுப்பு உறையை மார்போடு அணைத்துக்கொண்டு ஞானஜோதி ஓடி வந்துகொண்டிருந்தாள். வேப்பமரத்தடியில் சின்னப்பன் வாங்கிய படிவங்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துக் கட்டிவிட்டு, மேஜையை மடக்கிக்கொண்டிருந்தார்.